அவிழ்க்காத தலைத்துணி

இன்று ஈப்போவில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன்.

1920களின் ரப்பர்த் தோட்டத்துப் புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்த ஓவியம் அங்கே இருந்தது. பால்மரம் சீவும் பெண்கள் வெள்ளைக்காரத் துரையின் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் தலையிலும் கட்டம் போட்ட துணி, இறுக்கிக் கட்டியிருக்கிறது.

பக்கத்தில் நின்ற ஓர் அக்கா தலையாட்டினார். "இது தப்புலா. தொரை வந்தா தலைத்துணிய அவுத்துக் கையில வச்சிக்கணும். எங்கம்மா சொல்லியிருக்காங்க."

வரைந்த பெண் அங்கேதான் இருந்தாள். "தெரியும்க்கா. போட்டோவுல எல்லாருக்கும் கையிலதான் இருக்கு. நான்தான் கட்டிவிட்டேன்."

அக்கா அதன் பிறகும் ஓவியத்தை விட்டு நகரவில்லை.

நாளை எங்கள் ஆபீசுக்குப் பெரிய பாஸ் வருகிறார். உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டுமாம், வாட்சாப்பில் வந்திருக்கிறது.

உங்கள் ஆபீசில் எப்படி?