சிவப்பு என்றால் வெயிலா?

போன வாரம் ஆந்திர எல்லையை ஒட்டிய புத்தூரில் என் சித்தப்பா மகள் எஸ்தருக்குக் கல்யாணம். பத்து மணிக்கு சர்ச்சில் தாலி, அப்புறம் சர்ச் மைதானத்தில் பிரியாணி. விறகடுப்பு, திறந்த வெளி, ஐப்பசி மாதம்... வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வேறு! ஊரையே சாப்பிட அழைத்துவிட்ட சித்தப்பாவுக்குக் காபிகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

எஸ்தரின் அண்ணன் ஜான்சனுக்கு அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை. விசா சிக்கலில் தங்கை கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அதற்காகச் சும்மா இருந்தானா? சாட்டிலைட் படம் பார்க்கக் கற்றுக்கொண்டு, மெயிலில் அனுப்பிக்கொண்டே இருந்தான். முன்பெல்லாம் வெளிநாடு போன பிள்ளைகள் சென்ட் பாட்டில் அனுப்புவார்கள். இப்போது மேகத்தையே அனுப்புகிறார்கள் – என்ன ஒரு முன்னேற்றம்!

காலையில் நெட் சென்டரில் எடுத்த கலர் பிரின்ட்டைச் சுற்றி நின்றோம். வெளியே லேசான தூறல். படத்தில் சென்னைப் பக்கம் சிவப்பாக ஒரு பெரிய திட்டு.

“எர்ர கலரு! எண்ட வஸ்தாந்தி!” என்று குதித்தார் சமையல்காரர் நாகராஜு. சிவப்பாம், வெயில் வருகிறதாம்.

“ஆமாம்பா, நம்ம பக்கமாத்தான் வந்துகினு கீது. தூறல வெரட்டிடும்” என்றார் சித்தப்பா.

எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. டிவியில் வெயில் கொளுத்துகிற ஊருக்குச் சிவப்புதானே பூசுகிறார்கள்? சந்தோஷம் தாங்காத சித்தப்பா, வந்திறங்கிய தார்ப்பாய்களை வடமாலபேட்டையில் இன்னொரு கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். எவ்வளவு பெரிய மனசு!

கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவுக்கு ஜான்சனின் போன்.

“நைனா, தார்ப்பாய் கட்டியாச்சா?”

“எதுக்குடா? அதான் செவப்பு வருதே!”

“ஐயோ நைனா!” – அமெரிக்காவிலிருந்து வந்த அலறல் மைதானம் முழுக்கக் கேட்டது. “அது வெயில் இல்ல! மேகம் உசரமா வளர வளர உச்சி சில்லுனு ஆயிடும். ரொம்ப சில்லுனு கீற மேகத்துக்குத்தான் அந்தச் செவப்பு. கொட்டப்போவுது!”

அவ்வளவுதான்! தார்ப்பாய்களை அதற்குள் அங்கே கட்டிவிட்டார்களாம். பாஸ்டர் ஐயா சர்ச் வராண்டாவைத் திறந்துவிட்டார். பட்டுப் புடவையும் கோட்டுமாகச் சொந்தக்காரர்கள் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சி இருக்கிறதே... சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

சமையல் சரி, சாப்பாடு? அத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது?

“ரெண்டு படத்த அடுத்தடுத்து வெச்சுப் பாத்துட்டேன் நைனா. செவப்பு வேகமா நவுருது. பின்னால மேகமே இல்ல. பதினோரு மணிக்கு மேல நிக்கும். என்னை நம்பு” என்றான் ஜான்சன்.

சிவப்பு வந்தது. அப்பப்பா, என்ன மழை! மாப்பிள்ளை சம்மதம் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. சித்தப்பா பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி, ஜெபம் முடிந்து, நாங்கள் கதவைத் திறந்தபோது... மழை நின்றிருந்தது! சித்தப்பா பாஸ்டரையே கட்டிப்பிடித்துவிட்டார்.

மறுபடியும் போன். எஸ்தர் பிடுங்கிக்கொண்டாள்.

“நின்னுடுச்சுண்ணா! நீ சொன்னாமாதிரியே!”

“தெரியுது எஸ்தர். இங்கேருந்து மேகமெல்லாம் தெரியுது... உன்னைத்தான் பாக்க முடியல.”

குரல் உடைந்துவிட்டது. எங்களுக்கும் கண் கலங்கியது. எஸ்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “அடுத்த படம் எப்பண்ணா எடுப்பாங்க?”

“இன்னும் பத்து நிமிஷத்துல. ஏன்?”

வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, சேறான மைதானத்தின் நடுவில் போய் நின்றாள். வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். விடுவோமா நாங்கள்? சித்தப்பா, பாஸ்டர், நாகராஜு, பந்திக்குக் காத்திருந்த கூட்டம் – எல்லோருமாகச் சாட்டிலைட்டுக்குக் கையாட்டினோம்!

அந்தப் படத்தில் புத்தூருக்கு மேல் குட்டியாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததாம். அது துண்டு மேகம் என்று ஜான்சனுக்குத் தெரியாதா என்ன?

“பாத்துட்டேன் எஸ்தர்” என்றான். “புடவ சூப்பரா கீது!”