ஒரே எண்ணில் இரண்டு குழல்

எங்கள் கருத்தரிப்பு மையத்தில் ‘ஒண்ணுதான் அக்கா’ என்றால் வாசலில் வண்டி துடைப்பவருக்குக்கூடத் தெரியும். டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. எந்தத் தம்பதியின் கரு எந்தக் குழலில், எந்த டேங்கில், எந்தத் தட்டில் உறைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவருடைய கணினி அட்டவணையில் இருக்கும். அதில் தம்பதியின் பதிவு எண்ணுக்கான பத்தியில் யூனிக் கீ என்று ஒரு பூட்டைப் போட்டு வைத்திருந்தார். ஏற்கெனவே உள்ள எண்ணை இன்னொருவருக்குப் பதியப் போனால் கணினி சிவப்பில் எழுதிக் காட்டி மறுத்துவிடும். வரவேற்பில் இருக்கும் பெண்கள் மாடியேறி வந்து கத்துவார்கள். “ஒரு நம்பர்னா ஒரு ஆள். ஒண்ணுன்னா ஒண்ணுதான்!” என்று அக்கா திருப்பிக் கத்துவார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நான் டேங்குகளுக்குத் திரவ நைட்ரஜன் நிரப்புகிறவன். எனக்கு வாய் சும்மா இருக்காது. “வீட்டுல தட்டுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கீங்களாக்கா?” என்று சீண்டுவேன். “தட்டுக்கு இல்ல, துண்டுக்கு இருக்கு” என்பார். பொய்யில்லை. கணவருக்கும் இரண்டு பையன்களுக்கும் துண்டின் ஓரத்தில் ஆளுக்கொரு நிற நூலில் தையல் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இந்த அம்மாவோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ என்று அந்த மனிதர்மேல் பரிதாபம்கூட வந்தது.

அந்தக் கணவருக்குக் கண் ஆபரேஷன் என்று அக்கா நீண்ட லீவில் போனார். அந்தச் சமயம் பார்த்து எங்கள் முதலாளி வேறொரு சின்ன மையத்தை விலைக்கு வாங்கினார். அவர்களுடைய குழல்கள் என் டேங்குகளுக்கு வந்தன. விவரங்களை ஏற்றப்போனால் பூட்டு மறுத்தது. மேலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். “நம்ம நம்பர் எல்லாம் பெரிசு, அவங்களோடது சின்னது. எப்படிய்யா மோதும்? அந்தம்மா போட்ட பூட்டுதான் மக்கர் பண்ணுது. எடுத்துட்டு ஏத்து” என்று வெளியிலிருந்து வந்த கணினி ஆளிடம் சொன்னார். அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

லீவு முடிந்து வந்த காலையில், பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்கா திரையைத் திறந்தார். பூட்டைக் காணோம் என்றதும் முகம் கறுத்துவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தார். கணினி ஒப்புக்கொள்ளவில்லை, ஒரே எண் இரண்டு வரிகளில் இருப்பதாகச் சொல்லி, அப்படிப்பட்ட எண்களை வரிசையாகக் காட்டியது. எல்லாமே புதிதாக வந்தவை.

“தம்பி, அந்த மையத்துல வருஷா வருஷம் நம்பரை ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருக்காங்க. வருஷத்தையும் சேர்த்துப் பாத்தாத்தான் யார்னு தெரியும். நம்மாளுங்க வருஷத்தை விட்டுட்டு நம்பரை மட்டும் ஏத்தியிருக்காங்க” என்றார். சுவரில் அன்றைய சிகிச்சைகளை எழுதியிருந்த பலகையைப் பார்த்தார். அடுத்த நொடி எழுந்து ஓடினார்.

பலகையில் இருந்தது துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் எண். திரையில் இரட்டித்திருந்த எண்களில் அதுவும் ஒன்று. பழைய மையத்தில் மூன்று முறை முயன்று தோற்றவள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கரு. அதை உள்ளே வைப்பதற்காக அவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள்.

ஆய்வகக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே போகக் கூடாது. அக்கா கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார். ஆய்வகத்து டாக்டரம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். குழல் அவர் இடுக்கியில் இருந்தது, இன்னும் நைட்ரஜனைவிட்டு வெளியே வரவில்லை.

“எடுக்காதீங்க! அது யாரோடதுன்னு தெரியாது!”

மேலாளர் மூச்சு வாங்க ஓடி வந்து, “பேஷண்ட் காதுல விழும்மா, மெதுவா” என்றார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. டாக்டரம்மா குழலின் நுனியைப் பார்த்தார். பழைய மையத்தார் பெயர் போடாமல், எண்ணோடு ஆண்டையும் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் திரையில் ஆண்டே வராததால் அதை யாரும் ஒப்பிட்டதில்லை. இப்போது அந்தப் பெண்ணின் பழைய சீட்டோடு ஒப்பிட்டார்கள். அது அந்தப் பெண்ணுடையது அல்ல.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா மட்டும் திரும்பி வந்து, அந்த எண்ணின் இரண்டு வரிகளையும் திறந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணிக்கடைப் பெண்ணின் வரியில் ‘பயன்படுத்தப்பட்டது’ என்று இருந்தது. அதே எண்ணுள்ள இன்னொரு பெண் போன மாதம் வந்தபோது கணினி முதலில் கிடைத்த இவள் வரியை நீட்டியிருக்கிறது; இன்றைக்கு மிச்சமிருந்த அவள் வரியை. நம்பிக்கையில்லாமல் நான் போய் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தேன். துணிக்கடைப் பெண்ணின் குழல் இருக்க வேண்டிய இடம் காலி.

அந்த இன்னொரு பெண்ணை எங்கள் எல்லோருக்கும் தெரியும். முந்தைய வாரம்தான் வரவேற்புக்குப் போன் செய்து, கரு ஒட்டிக்கொண்டது என்று அழுது சிரித்தாள். நாங்களும் கைதட்டினோம்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “உருக்கும்போது கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். அது சகஜம்தானே. ரெண்டு குடும்பமும் நிம்மதியா இருக்கும்.”

“பூட்டை எடுக்கும்போதும் நிம்மதின்னுதான் எடுத்திருப்பீங்க.”

“வேலை போயிடும்மா. உனக்கும் சேர்த்துத்தான்.”

“போகட்டும்” என்று அக்கா எழுந்தார். டாக்டரம்மாவும் கூடவே போனார். நான் அறை வாசலில் நின்றுகொண்டேன்.

அந்தப் பெண் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “எடுத்துட்டாங்களா? நல்லா இருக்கா?” என்றாள்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இங்க இல்ல. நம்பர் குழம்பி, வேற ஒருத்தங்களுக்கு வெச்சுட்டாங்க. அவங்க வயித்துல வளருது. தப்பு எங்களோடது.”

கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“அவங்களுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

“பாத்து, மெதுவா சொல்லுங்கக்கா” என்றாள். “அவங்க பயந்துட்டா குழந்தைக்கு ஆகாது.”