ஊதாத் துணியும் அர்ஜென்டீனப் பயிற்றுநரும்

அர்ஜென்டீனப் பயிற்றுநரின் பதவி பறிபோனதற்கு நான் போர்த்திய ஊதாத் துணியே காரணம் என்று இத்தாலியின் பலெர்மோவில் எம்மவர் சிலர் இன்றும் சொல்லித் திரிகின்றனர். இவ்வறியாமை வரலாறாகிவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதி வைக்கிறேன்.

கால்பந்துக் கழகமொன்றின் உடைமாற்றும் அறையைப் பேணுவது என் பணி. அப்பயிற்றுநர் இளைஞராக இங்கு ஆடிய காலத்தில் அவருடைய உடுப்புகளையும் நானே தோய்த்தேன். தலையால் கோல் போடுவதில் வல்லவர். பந்து எதிரணியிடம் போய்விட்டாலோ, இடுப்பிற் கைவைத்து வேடிக்கை பார்ப்பார். தம் கோலைக் காக்க ஓடிவந்ததேயில்லை. அவருடைய காற்சட்டையில் சேறு கண்ட நினைவு எனக்கில்லை.

பல்லாண்டுகளின் பின் அவரே ‘மிஸ்டர்’ ஆகி வந்தார். பயிற்றுநரை இந்நாட்டில் அவ்வாறே அழைப்பர். எல்லோரும் பின்னோக்கி ஓடிக் காக்க வேண்டும் என முழங்கினார். ஆட்டக்காரர் நகைத்தனர். தொடர்ந்து தோற்றோம். வரும் ஞாயிறும் தோற்றால் பதவி இல்லை என்றார் கழகத் தலைவர்.

அது தவக்காலத்தின் இறுதிப் பகுதி. மன்னாரில் எங்கள் கோயிலில் செய்வதுபோல, அறையிலிருந்த மாதா சுரூபத்தை அந்த ஞாயிறு காலை ஊதாத் துணியால் மூடினேன். ஊதா தோல்வியைக் கொணரும் என்னும் இவ்வூர் நம்பிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை.

மிஸ்டர் உள்ளே வந்தார். துணியைச் சுட்டினார். அவர் இத்தாலியத்திற் சொன்னதை எம் பேச்சிலே தருகிறேன்.

“ஆர் இதைப் போட்டது? கெதியா எடு.”

“தவக்காலம், மிஸ்டர். உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் மாதா இப்பிடித்தான் இருப்பா.”

“மாதா இருப்பா. நான் இருக்கமாட்டன்.”

துணி அகன்றது. மூலைகளில் உப்புத் தூவப்பட்டது. தீமை நீங்க ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் கதவைப் பூட்டும் இரும்புத் திறப்பைத் தொட வேண்டுமென மிஸ்டர் வரிசையில் நிறுத்தினார். இடப்புறத் தடுப்பாட்டக்காரர் கேட்டார்:

“மிஸ்டர், என்ரை பக்கத்தாலை ஓடிவாற அவங்கடை விங்கர் நல்ல வேகம். எனக்கு ஆர் உதவிக்கு வாறது?”

“முதல் திறப்பைத் தொடு.”

அதற்குள் களமிறங்க அழைப்பு வந்தது. மூன்று கோல்கள், மூன்றும் அந்த விங்கர் எம் இடப்புறத்தால் வந்து போட்டவை. மிஸ்டர் கோட்டோரத்தில், இடுப்பிற் கைவைத்து, வேடிக்கை பார்த்து நின்றார்.

பதவி நீங்கியதும் செய்தியாளரிடம் ஊதா நிறத்தையே பழித்தார். மறுநாள் வுச்சீரியாச் சந்தையில் என் சக பணியாளர் அருளப்பன் மறித்தார்.

“அண்ணை, உங்கடை துணியாலை ஒரு மனுசன்ரை வேலை போயிட்டுது எண்டு கதைக்கினம்.”

“ஓம். துணிதான் எழும்பிப் போய்க் கோல் அடிச்சது.”

தோற்றவர் காரணம் தேடுகையில் உடுப்புத் தோய்ப்பவன் அருகில் நிற்கலாகாது. என் பணி எனக்குக் கற்பித்தது அவ்வளவே. இதிற் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. ஆயினும், அன்று துணியைப் பற்றிக் கேள்விப்பட்டவர் வேண்டாம். மைதானத்தின் இடப்புறத்தைக் கண்ணாற் கண்டவர் எழுதுக.