ஆம்பேலியோவைக் கண்டால் பிரேக்

இத்தாலியின் ரோக்கமோலா மலைக்கிராமத்தில் ஆம்பேலியோவை யாரும் தேடிப் போனதில்லை. மேட்டைத் தாண்டி இறங்கும் ரோடு இடதுபக்கம் முறுக்கிக்கொண்டு திரும்புவதற்குச் சற்று முன்னால், தன் வீட்டு மதிலோரம், பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இருபத்தாறு வருடமாக அதே இடம். நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் நான்கு குழி பறித்திருந்தன. தம் வாழ்நாளில் அவர் வெட்டிய குழிகள் அவை மட்டும்தான் என்பார் அவர் மனைவி டெல்ஃபினா.

ஆலிவ் தோட்டம் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. மரங்களுக்குக் கீழே வலையை விரித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். காய் பழுத்தால் தானே விழும், விழுகிற காயை அவசரப்படுத்த நாம் யார் என்பது அவருடைய விவசாயம். டெல்ஃபினாவோ விடிவதற்கு முன்பே கீழே கடற்கரைப் பக்கம் இறங்கி, கண்ணாடிக் கூடாரங்களில் கார்னேஷன் பூ வெட்டிவிட்டு, மத்தியானம் மேலே வந்து அடுப்பு மூட்டுகிறவள். ஏறி வரும்போதே குரல் வந்துவிடும்.

"எழுந்திரு, பொல்த்ரோனே!"

இங்கே சாய்வு நாற்காலிக்குப் பொல்த்ரோனா என்று பெயர். சோம்பேறிக்குப் பொல்த்ரோனே. கடைசி எழுத்தில்தான் மனிதன் நாற்காலியை விட்டுப் பிரிகிறான். டெல்ஃபினாவின் கணக்கில் ஆம்பேலியோ இன்னும் பிரியவில்லை.

அவருக்கென்று ஒரே ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒவ்வொரு அக்டோபரிலும் ரேலிப் பந்தயக் கார்கள் அந்த ரோட்டில் போகும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மலைக்கு அப்பால் கேட்கும் சத்தத்தை வைத்தே காரின் பெயரைச் சொல்லிவிடுவார். கரகரத்த தொண்டையோடு உறுமினால் ஆடி குவாட்ரோ; வளைவுக்கு வளைவு பின்னால் நெருப்பைத் துப்பும். விசிலடித்தால் குட்டைப் பெஜோ. சிவப்பு வெள்ளை லான்சியா மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வீறிட்டுக்கொண்டே வரும். அந்தக் காலத்துக் கார்கள் மனிதன் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவையா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எண்பத்தைந்தாம் வருடம், பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால், சாதாரணக் கார் ஒன்று அவர் எதிரில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் வாயே திறக்காத ஒரு ஃபின்லாந்துக்காரர். பக்கத்தில் மடியில் நோட்டோடு துரின் நகரத்து ஃபுல்வியோ. ரோட்டின் ஒவ்வொரு வளைவையும் எழுதிவைத்து, பந்தயத்தன்று ஓட்டுநரின் காதில் வாசிப்பதுதான் ஃபுல்வியோவின் வேலை.

"ஐயா, போன வருஷம் இங்க ஒரு அத்திமரம் இருந்துச்சே? மேட்டுல ஏறினா வானம்தான் தெரியும். அந்த மரத்தைப் பாத்துதான் பிரேக் போட்டோம்."

"ரோட்டுக்காரங்க வெட்டிட்டாங்க."

"மரத்தைக்கூட நம்ப முடியலையே!" ஃபுல்வியோ அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க தினம் இங்கதான் இருப்பீங்களா?"

"ஆமா."

"மழை பெஞ்சா?"

"குடை இருக்கு."

"செவ்வாய்க்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் பூசைக்குப் போவேன். முக்கா மணி நேரம். அதையும் வேணும்னா எழுதிக்குங்க."

ஃபுல்வியோ எதையோ எழுதினார். "எங்க லான்சியா நம்பர் பத்தொம்பது. உங்களை நம்பித்தான் வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆம்பேலியோவுக்குத் தலைகால் புரியவில்லை. பாரில் சொன்னார். காபி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். வீட்டில் சொன்னார்.

"கடைசியில உனக்கும் ஒரு வேலை கெடச்சுதா?" என்றாள் டெல்ஃபினா. "அத்திமரம் பாத்த வேலை! அதுவாவது வருஷத்துக்கு ரெண்டு கூடை பழம் குடுத்துச்சு."

அவர் கோபப்படவில்லை. அன்று முதல், எழுந்து உள்ளே போய்விட்டு வந்தால், நான்கு கால்களும் நான்கு குழிகளில் சரியாக இறங்கியிருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பந்தயச் செவ்வாய்க்கிழமை வந்தது. கூடவே மிலானிலிருந்தும் துரினிலிருந்தும் சனம் வந்தது, ரொட்டியும் ஒயினும் மடக்கு ஏணியுமாக. இந்த ரேலிப் பைத்தியங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடு ரோட்டில் நிற்பார்கள்; கார் மூக்குக்கு நேரே வந்ததும் இரண்டாகப் பிளந்து ஒதுங்குவார்கள்; போகிற காரின் விலாவைத் தொட்டுவிட்டு, கரி படிந்த உள்ளங்கையை விருது மாதிரி தூக்கிக் காட்டுவார்கள். வளைவின் வெளிப்பக்கம், கார் தவறினால் நேராக வந்து விழும் இடத்தில், முந்நூறு பேர் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றைப் போலீஸ்காரர் விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கி நின்றார்.

முதல் கார் போனது. கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. இரண்டாவது போனது, இன்னும் ஓரடி. பத்தாவது கார் போகும்போது ஆம்பேலியோவுக்கு முன்னால் முதுகுகள்தான் இருந்தன.

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். தனக்கு ரோடு தெரியவில்லை என்றால், ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்குத் தானும் தெரியப் போவதில்லை. தான் தெரியாவிட்டால் பிரேக் இல்லை. பிரேக் இல்லாவிட்டால் அந்த முந்நூறு பேர்.

எழுந்தார். "நகருங்கப்பா! என்னை மறைக்காதீங்க! பத்தொம்பதாம் நம்பர் என்னைப் பாத்துத்தான் பிரேக் போடுவான்!"

கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்த மிலான்காரர் திரும்பினார். "உங்களைப் பாத்தா? நீங்க என்ன சிக்னல் விளக்கா, பெரியவரே?"

"நோட்டுல என்னை எழுதியிருக்காங்கய்யா!"

"ஏய், இவர் பேரு நோட்டுல இருக்காம்! ஒயின் எத்தனை கிளாஸ் ஆச்சு?"

சிரிப்பு பரவியது. பன்னிரண்டு போனது. பதின்மூன்று போனது. ஒரு மகாராஜனும் நகரவில்லை. ஆம்பேலியோவின் குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் கட்டியது.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் டெல்ஃபினா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். கல்யாணமானதிலிருந்து புருஷன் கத்தி அவள் கேட்டதில்லை. கூட்டத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த மனுஷன் தானா எழுந்து நிக்கிறான்னா விஷயம் பெருசு!" என்று மிலான்காரரின் தோளில் கரண்டியால் தட்டினாள். "யோவ் கேமரா! உள்ள சமையக்கட்டுல மேசை இருக்கு. ஒரு பக்கம் பிடி. சாஸ் கிண்ணத்தைக் கொட்டிடாத!"

மிலான்காரர் ஏன் கீழ்ப்படிந்தார் என்று அவருக்கே தெரியாது. மேசை வந்தது. "அந்தக் குழி மேல வை! அதே இடம்!" என்று கத்தினார் ஆம்பேலியோ. மேசைமேல் நாற்காலி ஏறியது. நாற்காலியோடு அவரும் ஏறினார். பதினேழு போனது. பதினெட்டு போனது. இரண்டு மலைக்கு அப்பால் லான்சியா வீறிட ஆரம்பித்தது.

"அதுதான்! வந்துட்டான்!" ஆம்பேலியோ மேசைமேல் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

கீழே மேசைக்காலைக் கட்டிப்பிடித்திருந்த டெல்ஃபினா அண்ணாந்து பார்த்து அலறினாள்.

"உட்காருய்யா! நின்னா நீதான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? உட்காரு!"

இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. ஆம்பேலியோ உட்கார்ந்தார். கையைத் தொப்பைமேல் கோத்துக்கொண்டார்.

மேட்டின்மேல் கார் நான்கு சக்கரமும் தரையில் படாமல் எழும்பியது. கூட்டம் பிளந்தது. ஒரு கணம் காரின் மூக்கு நேராக முந்நூறு பேரைப் பார்த்தது. அப்புறம் பிரேக் கதறியது; ரப்பர் புகைந்தது; கார் பின்பக்கத்தைச் சுழற்றிக்கொண்டு, வளைவின் ஓரத்தை வழித்தெடுக்கிற மாதிரி உரசி, இடதுபக்கம் திரும்பிப் போய்விட்டது. மிலான்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டி கையில் இல்லை. எங்கே போனதென்றும் அவர் தேடவில்லை. கூட்டம் தானாக மதிலுக்குப் பின்னால் ஏறிப் போனது.

சாயங்காலம் ஃபுல்வியோ நன்றி சொல்ல வந்தார். "திடீர்னு உயரமாயிட்டீங்களே ஐயா, வண்டி ஓட்டினவர் ஒரு நொடி யோசிச்சாராம்" என்று சிரித்துவிட்டு, நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து ஆம்பேலியோவிடம் நினைவாகக் கொடுத்தார். டெல்ஃபினா எட்டிப் பார்த்தாள். 'மேடு, பொல்த்ரோனே, பிரேக், இடது.'

"இது என்ன?"

"அது... பொல்த்ரோனாங்கம்மா. நாற்காலி."

"எனக்கு எழுத்துத் தெரியும். கடைசி எழுத்து என்ன?"

ஃபுல்வியோவின் காது சிவந்தது. "அவசரத்துல ஒத்த வார்த்தையில எழுதணும்மா..."

"முந்நூறு பேர் உசுரைக் காப்பாத்தின மனுஷனைச் சோம்பேறின்னு எழுத நீ யாரு? அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு உரிமை இந்த ஊர்ல ஒருத்திக்குத்தான். அதை அடிச்சிட்டுப் பேரை எழுது!"

ஃபுல்வியோ அந்த வார்த்தையை அடித்தார். அவள் எழுத்துக்கு எழுத்துச் சொல்ல, 'ஆம்பேலியோ' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் பந்தயம் வேறு ரோட்டில் போனது; அதோடு அந்தக் கார்களையே ஓட்டக் கூடாதென்று நிறுத்திவிட்டார்கள். அதனால் அவர் பார்த்த வேலை அந்த ஒரு நாளோடு முடிந்தது. தாள் மட்டும் கல்யாணப் போட்டோவின் கண்ணாடிக்குள் இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு ஃபுல்வியோவின் கார் மேட்டைத் தாண்டும்வரை டெல்ஃபினா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையல் ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எழுந்திரு, பொல்த்ரோனே. மேசையை உள்ள தூக்கு. சாப்பிட வேணாமா?"