முதலில் ஏறியவன்

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் சின்ன விமானம் அது. "சின்னப் பிள்ளையளோடை வாறவை முதல்லை ஏறலாம்" என்று அறிவித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. முழங்கால் வலியோடு வரிசையில் நிற்கும் எனக்கு இல்லாத சலுகை அவர்களுக்கு எதற்கு?

எனக்கு முன்னால் ஓர் இளம் தாய், கைக்குழந்தை, மூன்று வயது மகள், பெரிய பை எல்லாவற்றோடும் தடுமாறிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"இவவை நான் தூக்கிறன் மகள்," என்றேன் தாயிடம்.

"பெரிய உதவி ஐயா," என்றார்.

சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

"பேத்தியோ?" என்று கேட்டார் விமானப் பணிப்பெண்.

"ஓம்," என்றேன், கூசாமல்.

உள்ளே போனதும் பேத்தி என் கழுத்தை விடவில்லை. தாயிடம் கொடுத்தால் வீரிட்டாள். கடைசியில் என் பக்கத்து இருக்கையிலேயே இருத்தினோம். கடலுக்கு மேலே போகும்போது என் வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்துவிட்டு, "பசிக்குது" என்றாள்.

பிள்ளைகளோடு வருபவர்களுக்குச் சலுகை வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

இறங்கும்போது தாய் கேட்டார்: "எப்ப ஐயா திரும்பிப் போறியள்? நாங்களும் அண்டைக்கே வருவம்."

இன்னும் முடிவெடுக்கவில்லை என்றேன். திரும்பிப் போகும் பயணச்சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது.