தறி நின்ற ஒரு மணி நேரம்

சபீஹா அக்காவைக் கௌதமன் முதன்முதலில் பார்த்தபோது, அவர் தன் பழுதுபார்க்கும் கடையில் ஒரு பழைய ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழாயில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் அவனுடையதுதான். குமாரபாளையத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்ததும் பழசாக வாங்கியது. மூன்றாம் நாளே குளிர மறுத்துவிட்டது.

"நுரை எங்க பொங்குதோ அங்க ஓட்டை. உக்காருங்க தம்பி, அஞ்சு நிமிசம்."

உட்கார இடம் தேடியவன் மேசைக்கடியில் அதைப் பார்த்தான். தலையணை நீளத்தில் ஓர் எவர்சில்வர் உருளை. இரண்டு பக்கமும் கனத்த மூடிகள், சுற்றிலும் போல்ட்டுகள், ஒரு மூடியின் நடுவில் தடித்த கண்ணாடி.

"இதென்னங்க அக்கா, பிரியாணி அண்டாவா?"

"சூரியன். இன்னும் பத்த வெக்கல."

கௌதமன் சிரித்துவிட்டான். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் அவனுக்கு. குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவன், ஊரிலேயே எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த முதல் ஆளும் அவனே. அந்தச் சிரிப்பில் அதெல்லாம் இருந்தது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே காற்று எவ்வளவு குறைந்தால் ஒளி பிடிக்கும் என்று கேட்டார். சூரியனை எரியவைக்கும் அணுக்கரு இணைவைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னான். அதற்கு மறுநாளும் வந்தான்.

சபீஹாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. கணவர் மொய்தீன் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் குஜராத் பக்கம் இருப்பார். தன் தந்தையிடம் கற்ற ஃபிரிட்ஜ் வேலைதான் சபீஹாவுக்குப் பதினைந்து வருடமாக. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் சின்னதாக இணைவு உலை கட்டியதைக் கைப்பேசியில் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை.

"எதுக்குங்க அக்கா இது?" என்று கௌதமன் ஒருநாள் கேட்டான்.

"குழாய்ல இருக்கற காத்த உறிஞ்சி வெளிய உடறதுதான் தம்பி எம் பொழப்பு. ஒண்ணுமில்லாம ஆக்கறது. அந்த ஒண்ணுமில்லாததுக்குள்ள என்ன இருக்குதுன்னு ஒருக்காவாச்சும் பாக்கோணுமல்ல?"

செய்தி தெருவுக்குள் பரவியது. பரப்பியவன் கௌதமன். அது விசைத்தறித் தெரு. ஓய்வில்லாமல் தறி ஓடும், பேசுவதென்றால் காதருகே போய்த்தான் பேச வேண்டும். டீக்கடையில் அவன் சூரியனைப் பற்றிச் சொல்ல, எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். "இது மட்டும் கைகூடிட்டா ஒரு டம்ளர் தண்ணிய வெச்சு இந்தத் தெருத் தறியெல்லாம் ஓட்டலாமுங்க," என்றான். உலகம் என்றைக்கோ ஒருநாள் செய்யப்போவதை மனதில் வைத்துத்தான் சொன்னான். அவர்கள் அதை அடுத்த மாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அவனுக்குப் புரியாமலில்லை. தன் பேச்சை இத்தனை பேர் கேட்பது அவனுக்குப் புதிது, இனிப்பாக இருந்தது, விட்டுவிட்டான்.

அதன்பிறகு பொருள்கள் வந்துகொண்டே இருந்தன. பெயர்ப்பலகைக் கடைக்காரர் நியான் விளக்கின் டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து வைத்தார். லேத்துக்காரர் மூடிகளை மறுபடியும் கடைந்து தந்தார். செங்கோட்டையன் பட்டறையில் நான்கு தறி பார்க்கும் மாரக்காள், தறி அச்சிலிருந்து கழன்ற மெல்லிய கம்பிகளை முந்தானையில் முடிந்துவந்தார். உருளையின் நடுவில் தொங்கி மின்சாரம் ஏற வேண்டிய எலுமிச்சையளவு கூண்டை அந்தக் கம்பியில்தான் அக்கா வளைத்தார். "கூண்டெல்லாம் சரி, குருவி எங்க சாமி?" என்று மாரக்காள் கேட்டுவிட்டுப் போனார்.

கௌதமன் கல்லூரியில் கெஞ்சி, ஆய்வகத்து வேக்குவம் பம்பை ஒரு வாரத்துக்கு வாங்கிவந்தான். வியாழக்கிழமை மாலை திருப்பித் தர வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை வரை காற்றழுத்தம் காட்டும் அளவுமானியின் முள் இறங்கவே இல்லை. தெருவே அதிர்ந்துகொண்டிருந்தது, எத்தனை முறை முறுக்கினாலும் போல்ட்டுகள் நெகிழ்ந்து காற்று உள்ளே புகுந்தது. தறி மோட்டார்கள் இழுத்ததில் மின்னழுத்தமும் தள்ளாடியது. கரண்ட் போனால் தறி நிற்கும். ஆனால் பம்பும் நிற்கும். அந்த மாதம் துண்டு ஆர்டர் அவசரமாக இருந்ததால் ஞாயிறுகூட லீவு இல்லை.

"ஒரு மணி நேரம் தெருவே தறிய நிறுத்துனாத்தான் உண்டு," என்றார் அக்கா.

புதன்கிழமை டீக்கடையில் கேட்டார்கள். தெருவில் பெரிய பட்டறைக்காரரான செங்கோட்டையன் உடனே ஒப்புக்கொண்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு நிறுத்திப்போடலாம். அடுத்த மாசத்துல இருந்து கரண்டுக் கவலை இல்லீன்னா, ஒருமணி நேரம் என்ன பெரிசு? ஏனுங்க வாத்தியாரே?"

கௌதமன் பார்வையை டீ டம்ளருக்குள் இறக்கினான். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"இல்லீங்கண்ணா," என்றார். "இது ஒரு குண்டு பல்பக்கூட எரிக்காது. திங்கறதுதான் நெறைய, குடுக்கறது ஒண்ணுமில்ல. நாளைக்கு நடக்கறது இணைவுகூடக் கெடையாது. அதுக்கு உள்ள வேற கேஸ் அடைக்கோணும், கதிர் வெளிய வராம காப்பு வேணும், சர்க்கார் அனுமதி வேணும். நாளைக்கு உள்ள வெளிச்சம் புடிக்குதான்னு பாக்கறது மட்டுந்தான்."

"நாந்தானுங்க தப்பாச் சொன்னது," என்றான் கௌதமன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"பொறவு எதுக்கும்மா இத்தன பாடு?"

"பாக்கோணும்னுதானுங்க."

செங்கோட்டையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடைக்குத் திரும்பும் வழியில் அக்கா அவனை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. "பம்ப நாளைக்கு வெள்ளனவே கழட்டி வெச்சறலாம் தம்பி," என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

ஆனால் காலையில் அவன் போனபோது பம்பு கழற்றப்படவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உருளைமுன் ஒரு கேமராவை வைத்து, கடை வாசலில் ஒரு டிவியோடு இணைத்திருந்தார். "கண்ணாடிகிட்ட யாரும் நிக்கக் கூடாது," என்றார், வாசலில் யாருமே இல்லாதபோதும். பத்து ஐம்பத்தைந்து. தறிச்சத்தம் குறையவில்லை. பதினொன்று. பதினொன்று ஐந்து. பம்பைக் கழற்ற அக்கா ஸ்பேனரை எடுத்தார்.

அப்போது சத்தத்தில் ஒரு சிறு ஓட்டை விழுந்தது. நான்கு தறி நின்றிருந்தது. பிறகு இன்னும் நான்கு. பிறகு எதிர்ப்பட்டறை. கடைசித் தறியும் நின்றபோது எங்கோ குக்கர் விசிலடிப்பது கேட்டது.

மாரக்காள் தலையில் பஞ்சோடு முதலில் வந்தார். பின்னால் செங்கோட்டையன், முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு. "இந்தம்மா நிறுத்திப்போட்டு என்னைய மொறைக்குது. நானும் ரோசன பண்ணேன். பொய்யக் கேட்டு நிறுத்தறேன்னவன், நெசத்தச் சொன்னதுக்கு மாட்டேங்கறதா?"

கௌதமன் முள்ளைப் பார்த்தான். இறங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போதே ஒரு தெருத் தறி மொத்தமும் நின்றால் இழவு என்றுதான் அர்த்தம். கால் மணி நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் செல்லியம்மாள் என்ற பாட்டி, கையில் ரோஜா மாலை, "போயிட்டியா எஞ் சாமி" என்று குரலெடுத்தபடி. செத்தது யார் என்று தெரியாததால் பெயரை மட்டும் விட்டிருந்தார்.

"யாரும் போகல ஆத்தா, சூரியன் பொறக்கப் போகுது!" என்றார் மாரக்காள்.

"அப்ப மாலை?" இழவு மாலையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக முடியாதே. மாரக்காள் அதை வாங்கி, வாசலில் கிடந்த ஒரு ஃபிரிட்ஜின்மேல் போட்டார். "இது செத்து ஆறு மாசமாச்சு. நீங்க அழுகோணும்னா இதுக்கு அழுதுக்குங்க."

சிரிப்பு அடங்குமுன் அக்கா மின்னழுத்தத்தை ஏற்றினார். டிவியில் கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு கூண்டுக்குள் ஊதா நிறத்தில் ஒரு துளி. அது நடுங்கியது, நிலைத்தது, கம்பிகளின் இடைவெளிகளில் மெல்லிய கதிர்களை நீட்டியது.

"எம் மூக்குத்தியாட்டம் இருக்குது," என்றார் செல்லியம்மாள் மெதுவாக.

அக்காவின் கைப்பேசி அடித்தது. சூரத் பக்கமிருந்து மொய்தீன். "என்ன, அங்க சத்தத்தையே காணோம்? யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க," என்றார் சபீஹா. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லாததத்தான் எல்லாரும் பாத்துட்டிருக்கறோம்."

பம்பைக் கௌதமன் அன்று மாலை சொன்னபடி திருப்பிக் கொடுத்தான். இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. சபீஹா இப்போதும் அதே கடையில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறார். கன ஹைட்ரஜனுக்கும் கதிர்க் காப்புக்கும் அனுமதி கேட்டு அவரும் கௌதமனும் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதுவரை உள்ளே எரிவது காற்றின் ஒளி மட்டும்தான். அமாவாசைதோறும் கௌதமன் கல்லூரிப் பம்பை வாங்கிவருகிறான், அதைப் பார்க்கக் காலை பதினொரு மணிக்குத் தெரு தறியை நிறுத்துகிறது. பக்கத்துத் தெருவுக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறார்கள்.