யாளி என்று பேர் வைத்தோம்

வயிற்றில் பிள்ளையோடு நான் பட்டுக்கடையின் டிசைன் அறையில் உட்கார்ந்து, ஒரு சேலை பார்டருக்காக யாளி வரைந்துகொண்டிருந்தேன். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். கணினித் திரையில் கட்டம் கட்டமாக நிரப்ப நிரப்ப அதன் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. யானையையும் அடக்குகிற மிருகம், கோயிலைக் காக்கிற மிருகம். பெண் பிறந்தால் அந்தப் பெயரையே வைக்கலாம் என்றேன். என் கணவர் உடனே சரி என்றார். எங்கள் தெருவிலேயே மூன்று யாழினிகள் இருந்தார்கள்; யாளி ஒருத்திகூட இல்லை.

அவருடைய அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"பொட்டப் புள்ளைக்கு மிருகத்துப் பேரா வெப்பாங்க?"

"மயில், மான்னு வெக்கறாங்களே அக்கா?"

"அதுங்க வேறமா. இது பல்லக் காட்டிக்கினு நிக்குது."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. அவளோடு பிறந்த பிள்ளைகளெல்லாம் தாத்தா, காக்கா, டாட்டா என்று சொல்ல, என் மகள் கையை நீட்டிக் காட்டுவாள், அல்லது என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். அவ்வளவுதான். சில பிள்ளைகள் லேட்டாகப் பேசும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் கோயிலுக்குப் போயிருந்தபோது நாத்தனார் என்னை ஒரு தூணருகே கூட்டிப்போனார். அதில் இருந்த யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. அவர் விரலை விட்டு அதை உருட்டினார்.

"பாத்தியா? உள்ளயே உருளுது, வெளிய வரல. உம் பொண்ணுக்கும் பேச்சு இப்டித்தான் வாயிலயே நிக்குது. பேர மாத்துமா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அதனால்தான் என்னால் அதை உதற முடியவில்லை. அன்றிலிருந்து மகளை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பாப்பா, கண்ணு, இங்க வா. அந்த எழுத்துகள் தொண்டை வரை வரும், விழுங்கிவிடுவேன். கடையில் யாளி பார்டர் கேட்டு ஆர்டர் வந்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

என் கணவர் கவனித்துவிட்டார். "பேர மாத்தணும்னா மாத்திக்கலாம். அதுக்கு முன்னாடி காது டாக்டராண்ட ஒருவாட்டி காட்டிடலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். நர்ஸ் கதவைத் திறந்து "யாளி!" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். எதிர் வரிசையில் இன்னொரு பெண்ணும் எழுந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம்.

"உங்க பொண்ணும் யாளியா? ஊர்லயே நான் மட்டுந்தான் வெச்சிருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் அவர். பக்கத்தில் ஓரிக்கையிலிருந்து வந்திருந்தார். "நாங்க கிறிஸ்டியன்ஸ்மா. கேக்க அழகா இருந்துது, வெச்சிட்டோம். அர்த்தமே அப்புறந்தான் தெரிஞ்சுது."

அவருடைய யாளி காதுவலியில் மூக்கு ஒழுக நின்றுகொண்டு, ஊசி போடுவாங்களா, எவ்ளோ பெரிய ஊசி, உனக்கும் போடுவாங்களா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து பேசறா?" என்றேன்.

"ஒரு வயசுலயே ஆரம்பிச்சிட்டாமா. எங்க வாய மூடறா?"

முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது. அடுத்தபடி, பெயர்மேல் குற்றம் இல்லை என்று மனசு லேசானது. ஆனால் உட்காரக்கூட இல்லை, புதுப் பயம் பிடித்துக்கொண்டது. பெயர்தான் காரணம் என்றால் மாற்றிவிடலாம். பெயர் இல்லையென்றால் வேறு என்ன? நூல் பிடிக்க ஒரு முனைகூட இல்லாமல் நின்றேன்.

கூப்பிட்டது அவர்களைத்தான். பிறகு எங்கள் முறை வந்தது. டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார், சோதனைகள் எடுக்கச் சொன்னார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோலத்தான் இவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும் என்றார். சின்ன ஆபரேஷன். நீர் வடிய, காதில் பொடிசாக ஒரு குழாய் வைத்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நின்றபோது அவள் பேரை நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. என் கணவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் குக்கர் விசில் கேட்டு அலறி என் புடவைக்குள் ஒளிந்தாள். அழவேண்டிய நேரமில்லை, அழுதேன்.

உடனே பேசிவிடவில்லை. பல மாதம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். ஒரு காலையில் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு, தெளிவாக, "வேணாம்" என்றாள். நாத்தனாருக்கு போன் போட்டு அதையே திரும்பச் சொல்லவைத்தேன். "வேணாம், வேணாம்" என்று அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவர் "சொல்றா, எங்க யாளி சொல்றா" என்று யாரிடமோ கத்துவது கேட்டது.

இப்போது பள்ளிக்குப் போகிறாள். அவளுக்குச் சளி பிடித்தால் மட்டும், காதில் மறுபடி நீர் கோத்துவிடுமோ என்று எனக்கு வேலையில் கை ஓடாது.